கம்பெனி சர்வீஸ் சென்டரை எதுவரை நம்பலாம்? வேலூர் கார்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் ரிப்பேர் பற்றியும், ரீகால் (கோளாறுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) பற்றியும், வண்டியில் புதிதாக ஒன்றைப் பொருத்துவது பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. எந்த ஷோரூம் நல்லது, எது மோசம் என்ற பட்டியல் மட்டும் கிடையாது. ஒர்க்ஸ் மேனேஜர் ஒருவர் வேலை மாறிப் போனால் அந்தப் பட்டியல் அன்றைக்கே பழசாகிவிடும்.

சர்வீஸ் சென்டரைக் கார் கம்பெனியே நடத்துகிறதா?

பெரும்பாலும் இல்லை. வாசலில் தொங்குவது கம்பெனி பெயர், உள்ளே முதலாளி டீலர். சந்தேகம் இருந்தால் பில்லை எடுத்து ஜி.எஸ்.டி. எண்ணுக்குப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வண்டியைத் தொட்டவர் அவருடைய ஆள். உதிரி பாகம், ஸ்கேனர், பயிற்சி, ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்ய வேண்டும் என்ற செய்முறை ஆகியவை கம்பெனியிடமிருந்து வரும். இடமும் ஆளும் சம்பளமும் டீலர் பொறுப்பு.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த இடத்துக்கு மூன்று பேரிடமிருந்து காசு வருகிறது: நீங்கள், இன்ஷூரன்ஸ், கார் கம்பெனி. வாரண்டி வேலைக்கும் ரீகாலுக்கும் கம்பெனிதான் கொடுக்கும். இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே வரையறுத்த கூலி அது. அதற்கு மேல் மெக்கானிக் வண்டியோடு உட்கார்ந்தால் நஷ்டம் டீலருக்கு. அதனால்தான் வாரண்டியில் இருக்கும் வண்டியில் எப்போதாவது வந்து போகும் சத்தத்தைச் சொன்னால் “இது நார்மல்தான் சார்” என்கிறார்கள். நீங்கள் காசு கொடுக்கிற வேலை என்றால் கேட்காததையும் சேர்த்து எஸ்டிமேட் வந்துவிடும். எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. காசு யாருடையது என்பதைப் பொறுத்து வேலையில் அக்கறை கூடும், குறையும். சர்வீஸ் சென்டரை மொத்தமாக நம்புவதா வேண்டாமா என்று கேட்காமல், இந்த வேலைக்கு நம்பலாமா என்று கேட்பதுதான் சரி.

எந்த வேலையைக் கம்பெனியில் செய்யலாம், எதை வெளி மெக்கானிக்கிடம் விடலாம்?

ஏர்பேக், ஏ.பி.எஸ்., சாப்ட்வேர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பி.எஸ்.6 டீசலின் புகை வடிகட்டி, வாரண்டியில் வருகிற எதுவாக இருந்தாலும் கம்பெனிதான். அங்கே இருக்கிற ஸ்கேனரும் அதன் பின்னால் இருக்கிற தகவலும் வெளியே எல்லோரிடமும் கிடையாது.

சஸ்பென்ஷன் புஷ் (ஆர்மில் இருக்கும் ரப்பர்), கிளட்ச், பிரேக் ஷூ, ரேடியேட்டர் ஹோஸ், பேட்டரி இதெல்லாம் வாரண்டி முடிந்த வண்டியில் நல்ல வெளி மெக்கானிக்கே செய்துவிடுவார். நம்ம ஊரில் ஒரு தெருவுக்கு ஒரு பாய் பட்டறை இருக்கும். சத்தத்தைக் கேட்டே “லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கு” என்று சொல்கிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் அதே சத்தத்துக்கு முழு ஆர்மையும் மாற்றச் சொல்வார்கள். காரணம், பல கம்பெனிகள் புஷ்ஷைத் தனியாக விற்பதில்லை. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. இருக்கிற பாகத்துக்கு ஏற்றபடி வேலை சொல்கிறார்கள்.

ஆயில் விஷயத்தில் மட்டும் வெளியே கொஞ்சம் கவனம் வேண்டும். இப்போது வருகிற பல பெட்ரோல் என்ஜின்களுக்கு 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய ஆயில்தான். “நம்ம வெயிலுக்கு இது தண்ணி மாதிரி இருக்கு, கெட்டியா ஊத்தலாம்” என்று பழைய கை சொன்னால் தலையாட்டாதீர்கள். கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான்.

வெளியில் விட்டால் வாரண்டி போய்விடுமா?

அப்படி மொத்தமாகப் போகாது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் தகவலையும் வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருந்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக்கூடாது, அவர் செய்த தவறான வேலையால் எது கெட்டதோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. நடைமுறையில் கவுண்டரில் இதைப் பேசி ஜெயிப்பது லேசு இல்லை. வாரண்டிக் காலத்தில் ஆயில் சர்வீஸை மட்டுமாவது கம்பெனியிலேயே செய்து, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பஞ்சர், டயர், அலைன்மென்ட், பேட்டரிக்கெல்லாம் யாரும் வாரண்டியில் கை வைக்க முடியாது.

ரீகால் மெசேஜ் வந்திருக்கிறது. ஓசியில் மாற்றுகிறோம் என்கிறார்கள். போகலாமா?

கட்டாயம் போங்கள். முதலில் மெசேஜ் உண்மையா என்று பாருங்கள். கம்பெனியின் இணையதளத்தில் ஆர்.சி.யில் இருக்கும் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைப் போட்டால் உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வண்டியை இரண்டாம் கையாக வாங்கியவர்கள் மெசேஜுக்குக் காத்திருக்காமல் தாங்களாகவே பார்க்க வேண்டும். மெசேஜ் பழைய ஓனர் நம்பருக்குத்தான் போயிருக்கும்.

இந்தியாவில் ரொம்ப நாள் இது கம்பெனிகளின் விருப்பத்தில் இருந்தது. 2012இல் தயாரிப்பாளர்கள் சங்கம் தானாக ஒரு விதியை வைத்துக்கொண்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி அரசே உத்தரவிடலாம், 1 கோடி ரூபாய் வரை அபராதமும் போடலாம் என்று ஆனது.

உலகத்திலேயே பெரிய ரீகால் ஜப்பானின் டகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக். அதன் இன்ஃப்ளேட்டரில் (பையை ஊத வைக்கும் பாகத்தில்) இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கிடந்தால் தன்மை மாறிவிடும். விபத்து நேரத்தில் பையை ஊத வேண்டியது வெடித்து இரும்புத் துண்டாக முகத்தில் பாயும். வெயிலிலேயே வண்டி நிற்கிற ஊர்க்காரர்கள் இதை மற்றவர்களைவிடக் கவனிக்க வேண்டும். பழைய ஜப்பான் கம்பெனி கார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் ஒருதரம் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சரி, மாற்றிவிட்டார்கள். மாற்றியது சரியா? இங்கேதான் விஷயமே. அமெரிக்காவில் 2023இல் ஃபோர்டு ரேஞ்சர் வண்டிகள் 2 லட்சத்துக்கும் மேல் மறுபடி அழைக்கப்பட்டன. டகாட்டா ரீகாலுக்காகப் போட்ட புது இன்ஃப்ளேட்டர் தப்பாகப் பொருத்தப்பட்டிருக்கலாம் என்பதுதான் காரணம். கம்பெனி பாகம், கம்பெனி பயிற்சி, கம்பெனி ஒர்க்‌ஷாப் எல்லாம் இருந்தும் கை பிசகும். அதுவும் ஓசி வேலை, வரிசையில் இன்னும் பத்து வண்டி நிற்கிறது என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் வண்டி எடுக்கும்போது சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பி ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் தப்பு, அணையவில்லை என்றாலும் தப்பு. டேஷ்போர்டு ஓரங்களை விரலால் அழுத்துங்கள். கிளிப் சரியாக உட்காராத இடம் லேசாக அமுங்கும். ஜாப் கார்டில் (செய்யும் வேலையை எழுதும் தாளில்) ரீகாலின் குறியீட்டு எண்ணும் போட்ட பாகத்தின் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

“சாப்ட்வேர் அப்டேட் மட்டும்தான் சார்” என்கிறார்கள். அதில் என்ன ஆகிவிடப்போகிறது?

ஆகும். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் டீசல் வண்டிகள் சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டியது அமெரிக்காவில் வெளியே வந்தது. அந்த வருடம் டிசம்பரில் இந்தியாவிலும் அந்தக் குழுமத்தின் 3.23 லட்சம் வண்டிகளைத் திருத்தப்போவதாக அறிவித்தார்கள். திருத்தம் என்பது பெரும்பாலும் சாப்ட்வேர்தான். 1.6 லிட்டர் என்ஜினுக்கு மட்டும் காற்று அளவு சென்சாருக்கு முன்னால் வலை மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் பாகம் கூடுதல். செய்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாத வேலை. ஆனால் அதற்கப்புறம் இ.ஜி.ஆர். வால்வு (புகையில் கொஞ்சத்தை மறுபடி என்ஜினுக்கு அனுப்புவது) அடைக்கிறது, வண்டி இழுக்கவில்லை என்று ஐரோப்பாவில் ஓனர்கள் புகார் சொன்னார்கள். கடைசியில் 2017இல், திருத்திய வண்டியில் குறிப்பிட்ட பாகங்கள் கெட்டால் இரண்டு வருடம் பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனி அங்கே வாக்குக் கொடுக்க வேண்டி வந்தது.

எந்தக் கம்பெனி அப்டேட் என்றாலும் மூன்று விஷயம் கேளுங்கள்: எதற்காகப் போடுகிறீர்கள், முன்னால் என்ன வெர்ஷன், இப்போது என்ன வெர்ஷன். பில்லில் எழுதச் சொல்லுங்கள். அப்டேட்டுக்கு முன்னால் ஒரு டேங்க் முழுக்க ஓட்டி மைலேஜ் குறித்து வைத்திருந்தால் பின்னால் பேசுவதற்கு ஒரு பிடி இருக்கும். வெறும் வாயால் “முன்ன மாதிரி இல்லை” என்றால் அவர்களும் வாயாலேயே “அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

கேமரா, லைட், மியூசிக் சிஸ்டம், சீட் கவர் இதெல்லாம் கம்பெனியிலேயே போட்டால் பயம் இல்லையே?

விலை அதிகம் என்பது ஒன்று. பயம் இல்லை என்பது பாதி உண்மை. பல ஷோரூம்களில் ஆக்சஸரி பொருத்துகிற பையன் கம்பெனிப் பயிற்சி எடுத்த மெக்கானிக் கிடையாது. வெளியிலிருந்து காண்டிராக்டில் வருகிறவன். பாகம் ஒரிஜினல், கை வேறு. அதனால் பொருளைவிட அது எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள்.

பார்க்க வேண்டியது கப்ளர், அதாவது ஒயர்களை வெட்டாமல் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் முனை. வண்டியின் ஒயரிங்கோடு கப்ளரில் செருகி இணைப்பதாக இருந்தால் தைரியமாகப் போடலாம். ஒயரை வெட்டி, சீவி, முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றுவதாக இருந்தால் கம்பெனி போர்டுக்குக் கீழே நடந்தாலும் வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் வெட்டவெளியில் நிற்கிற வண்டிக்குள் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் சாதாரண டேப்பின் பசை இளகி, சுற்று நழுவி, முறுக்கிய இடம் வெளியே வரும். கையால் தொட்டால் தார் மாதிரி ஒட்டும். அப்புறம் ஒரு நாள் எந்தக் காரணமும் இல்லாமல் ஃபியூஸ் போகும், அல்லது பேட்டரி இறங்கும். கம்பெனி ஒயரிங்கைப் பாருங்கள், துணி மாதிரி டேப் சுற்றியிருப்பார்கள். அதைத்தான் கேட்க வேண்டும்.

டேஷ் கேமரா போடும்போது ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். கண்ணாடி ஓரத்துத் தூணுக்குள் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிற வண்டி என்றால் ஒயர் அதற்குப் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் போனால் பை விரியும்போது குறுக்கே நிற்கும். சீட்டில் சைடு ஏர்பேக் இருக்கிற வண்டிக்கு, அந்த இடத்தில் பிரிகிற தையல் போட்ட கவர்தான் சரி. வேலூரில் எங்கே பார்த்தாலும் அழகாக ரெக்சின் கவர் தைக்கிறார்கள், தோல் தொழில் ஊராயிற்றே. தைப்பவரிடம் சீட் ஓரத்தில் ஏர்பேக் எழுத்து இருப்பதை மட்டும் காட்டிவிடுங்கள்.

ஏலகிரி, ஜவ்வாது மலைப்பக்கம் இரவில் ஓட்டுகிறவர்கள் 60/55 வாட் ஹெட்லைட் பல்பை எடுத்துவிட்டு 100/90 போடச் சொல்வார்கள். கம்பெனி ஸ்விட்சும் ஒயரும் அந்தச் சூட்டுக்குச் செய்ததல்ல. பல்பு கப்ளர் உருகிப் பழுப்பாகும். சட்டப்படியும் கூடாது. வெளிச்சம் போதவில்லை என்றால் முதலில் மங்கிப்போன லைட் கண்ணாடியைப் பாலிஷ் போட்டு, பீமைச் சரி செய்யுங்கள். பல வண்டிகளுக்கு அதுவே போதும்.

முன்பக்க கிராஷ் கார்டு (பம்பருக்கு முன்னால் போடும் இரும்புக் கம்பி): 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது. வண்டியின் அடிப்படை வடிவமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஷோரூமிலேயே விற்கிறார்களே என்றால், விற்கிறவர் அபராதம் கட்டமாட்டார்.

சி.என்.ஜி. கிட்?

கம்பெனியிலிருந்தே சி.என்.ஜி.யோடு வருகிற வண்டி முதல் சாய்ஸ். பிறகு போடுவதென்றால் உங்கள் மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற பொருத்துநர், ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி. திருத்தம், இன்ஷூரன்ஸில் பதிவு என நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் விபத்தின்போது கிளெய்ம் சிக்கும். சிலிண்டருக்கு 3 வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை உண்டு. எழுத்தில் கேட்காமல், வாரண்டி இருக்கும் வண்டியில் கை வைக்காதீர்கள்.

ஈ20 பெட்ரோலுக்காக ஏதாவது மாற்ற வேண்டுமா?

2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்களின் கேள்வி இது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்கில். பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்றச் சொல்லலாம், செலவு குறைவு என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025இல் விளக்கம் கொடுத்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறைவது இயற்கை.

சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டியது: என் மாடலுக்கு எந்தெந்தப் பாகம், எண் என்ன, கம்பெனி சுற்றறிக்கை இருக்கிறதா. பதிலுக்கு ஒரு பாட்டிலை எடுத்து “இதை டேங்கில் ஊற்றினால் போதும்” என்று நீட்டினால், அது அவர்களுடைய மாத டார்கெட். வீட்டுக்கு வாருங்கள். பெட்ரோல் வாசம் வருகிறதா, ஹோஸ் விரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாலே ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்.

எஸ்டிமேட்டில் த்ரோட்டில் கிளீனிங், டீகார்பனைசிங், ஏ.சி. டிஸ்இன்பெக்ஷன், அண்டர்பாடி கோட்டிங் என்று போகிறது. தேவையா?

கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் இருந்தால் தேவை. இல்லாவிட்டால் கோளாறு இருந்தால் மட்டும். எஸ்டிமேட் போடுகிற சர்வீஸ் அட்வைசருக்கு இதில்தான் இன்சென்டிவ், அவர் மீது கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. “இப்போ வேண்டாம்” என்றால் எஸ்டிமேட்டிலிருந்து அந்த வரியை அடித்துவிடுவார்.

பிரேக் பேட் மட்டும் அப்படி இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. “30 சதவீதம்தான் இருக்கு சார்” என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். புதுசு ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ. பக்கம் வந்தால் மாற்ற வேண்டியதுதான். சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொன்னால் நல்ல இடத்தில் மறுக்கமாட்டார்கள். மாற்றிய பழைய பேட், ஃபில்டர் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று கேட்காதீர்கள். கேட்பார் என்று தெரிந்தாலே வேலை ஒழுங்காக நடக்கும்.

வண்டி எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வாட்டர் வாஷ் செய்து, டேஷ்போர்டில் பளபளப்பு தடவி நிறுத்தியிருப்பார்கள். அதில் மயங்காமல் பானெட்டைத் திறங்கள். டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் ஆயில் மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் நடுவில், தேன் நிறத்தில் இருக்க வேண்டும் (டீசல் என்றால் கொஞ்ச நேரம் ஓடினாலே கறுத்துவிடும், அதை வைத்து சண்டை போடாதீர்கள்). ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைத் தொட்டுப் பாருங்கள், புது ஃபில்டர் என்றால் திறந்த தடம் தூசியில் தெரியும். பாலாற்றுப் பக்கம் மணல் லாரிக்குப் பின்னால் ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஃபில்டர் முக்கியம்.

சக்கரம் கழற்றிய வேலை என்றால் நட்டை டார்க் ரெஞ்ச்சில் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முடுக்கும் கருவியில்) முடுக்கினார்களா என்று கேளுங்கள். காற்று கன்னில் மட்டும் இறுக்கினால் ஒன்று அதிகமாகும், ஒன்று குறையும். அப்புறம் அட்வைசரைப் பக்கத்தில் உட்கார வைத்து கிரீன் சர்க்கிள் வரை ஒரு சுற்று. எந்தச் சத்தத்துக்காக விட்டீர்களோ அது போய்விட்டதா என்பது அங்கேயே தெரிய வேண்டும், பில் கட்டியபிறகு அல்ல.

விபத்தில் அடிபட்ட வண்டி, தண்ணீரில் நின்ற வண்டி?

கேஷ்லெஸ் (பில்லை இன்ஷூரன்ஸே நேரடியாகக் கட்டுவது) என்றால் கம்பெனி சென்டர் வசதி. ஆனால் இன்ஷூரன்ஸ் காசு என்பதால் தட்டி எடுக்கக்கூடிய கதவையும் புதுசாக மாற்றும் ஆசை வரும். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம் உங்கள் தலையில் விழும், தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ பாலிசி எடுத்திருந்தால் தவிர.

2021 நவம்பரில் பாலாறும் பொன்னையாறும் கரை தொட்டு ஓடியபோது பட்ட பாடம் ஒன்று: தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தனியாக என்ஜின் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவை இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் தராது. டோ செய்து கொண்டுபோங்கள்.

வேலை சரியில்லை. யாரிடம் போவது?

அட்வைசரிடம் கத்தாதீர்கள். ஒர்க்ஸ் மேனேஜர், அடுத்து கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல். ஜாப் கார்டு எண், தேதி, கிலோமீட்டர், என்ன சொன்னீர்கள், என்ன செய்தார்கள் என்று நாலு வரி போதும். மறுபடி வண்டி விடும்போது ‘அதே புகார், இரண்டாம் முறை’ என்று ஜாப் கார்டில் எழுத வைப்பதுதான் முக்கியம். புது எண்ணில் புதுப் புகாராகப் பதிந்தால் வரலாறே அழிந்துவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், வேலூரிலேயே இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். டீலர், கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பில் சேருங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கை காட்டுவார்.

என் கம்பெனிக்கு வேலூரில் சென்டர் இல்லை, அல்லது இருப்பது பிடிக்கவில்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோகலாமா?

ஆயில் சர்வீஸுக்காக சென்னை வரை 140 கிலோமீட்டர் போய் வருவது வீண். கியர்பாக்ஸ் பிரிக்கிற வேலை, திரும்பத் திரும்ப வரும் எலக்ட்ரிகல் கோளாறு, பெரிய பாடி வேலை என்றால் போகலாம். அதே கோளாறை வாரத்துக்கு நாலு வண்டியில் பார்க்கிற கை அங்கேதான் இருக்கும். 2021இல் இந்திய விற்பனைக்கான உற்பத்தியை நிறுத்திய ஃபோர்டு மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் வழி. ஆனால் பாகம் ஸ்டாக்கில் இல்லாமல் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புகிறவர்கள் நிறைய. முதலில் சேசிஸ் எண்ணை அனுப்பி, பாகத்தை முன்பணம் கட்டி வரவழைத்து, வந்துவிட்டது என்று அவர்கள் எழுத்தில் சொன்னபிறகு வாலாஜா டோலைத் தாண்டுங்கள்.